அடக்கமான பிள்ளை

‘இங்கு குழந்தைகளுக்குத் தொக்கம் எடுக்கப்படும்’ என்று சுவரில் நீலச் சாயத்தில் எழுதிய வீட்டுத் திண்ணையில் போன ஆனி மாதம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடவுள் இல்லை, பேய் இல்லை என்று நாற்பது வருடமாக மேடையில் பேசிக்கொண்டிருக்கிறவன் அங்கே போனதற்கு ஒரே காரணம் என் தங்கையின் பேரன். வயது ஆறு. வெளிக்குப் போய் ஆறு நாள் ஆகியிருந்தது. “வயித்துல என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்குண்ணே, தொக்கம் எடுத்தா சரியாயிடும்” என்றாள் தங்கை. தடுத்துப் பார்த்தேன், நடக்கவில்லை. சரி, கண்ணாலாவது பார்த்துவிடுவோம் என்று கூடப் போனேன்.

உள்ளே ஒரு வயதான அம்மா. எதிரே தண்ணீர் நிறைந்த பித்தளைத் தட்டு. பையனின் சட்டையைத் தூக்கி, தொப்புளுக்கு மேலே ஒரு சின்னக் குழலை வைத்து, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். கன்னம் இரண்டும் குழிந்தன. மூன்று முறை உறிஞ்சிவிட்டுத் தட்டில் துப்பினார். தண்ணீரில் விரற்கடை நீளத்துக்குத் தேங்காய் நார் மாதிரி ஒன்று மிதந்தது. “பாத்தீங்களா, இதுதான் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு.” 150 ரூபாய்.

வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லையே, குடலுக்குள் இருந்த நார் எந்த வழியாக வெளியே வந்தது என்று கேட்க வாயெடுத்தேன். தங்கை என் தொடையைக் கிள்ளினாள். எனக்குச் சிரிப்பு வந்தது வேறொன்றுக்காக. அந்த மாதம் முழுக்கப் பையனுக்குப் பக்கத்தில் வந்த நார் அந்த ஒரு துண்டுதான். அதுவும் அந்த அம்மாவின் வாயிலிருந்து வந்தது.

இதோடு நிறுத்தி, தொக்கம் எடுப்பவர்களை இரண்டு பக்கம் திட்டினால் பகுத்தறிவுக் கட்டுரை தயார். கை தட்டவும் ஆள் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் அந்த அம்மா சில்லறைக் குற்றவாளி. பெரிய குற்றவாளிகள் வேறு. அவர்களில் நானும் ஒருவன்.

மறுநாள் குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் பையனைப் படுக்க வைத்து அடிவயிற்றின் இடப்பக்கம் மெதுவாக அழுத்தினார். என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கு அடியில் களிமண் உருண்டை மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. “ஜட்டியில கறை படியுதாம்மா?” என்று கேட்டார். என் தங்கை மகள் தலையைக் குனிந்துகொண்டாள். “ஒரு மாசமா இருக்கு மேடம். விளையாட்டுப் புத்தியில ஜட்டியிலயே போயிடுறான்னு ரெண்டு தடவை அடிச்சுட்டேன்.”

அடி வாங்கிய பையன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மருத்துவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஒரு நாள் கெட்டியாகப் போகிறது, வலிக்கிறது. அடுத்த முறை வரும்போது பையன் அந்த வலியை நினைத்து அடக்குகிறான். காலைப் பின்னிக்கொள்கிறான், நுனிக்காலில் நிற்கிறான், கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறான். பார்க்கிறவர்களுக்கு முக்குகிற மாதிரி இருக்கும். உண்மையில் உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பெருங்குடலின் வேலையே தண்ணீரை உறிஞ்சுவது. தங்கத் தங்க உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இன்னும் இறுகும், இன்னும் பருக்கும், அடுத்த முறை இன்னும் வலிக்கும். மலக்குடல் நாள்பட விரிந்து தொளதொளத்துப் போகும். வந்திருக்கிறது என்கிற உணர்வே மங்கிவிடும். அடைத்து நிற்கும் உருண்டையின் ஓரமாக இளகிய மலம் கசிந்து ஜட்டியை நனைக்கும். பையனுக்கு அது தெரியாது. தெரியாமல் நடந்ததற்குத்தான் அவன் அடி வாங்கினான். வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்த மருந்து கொடுக்கும் வீடுகளும் உண்டு.

நாள்பட்ட மலச்சிக்கலோடு வரும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உடம்பில் வேறு கோளாறு எதுவும் இருக்காது. மிச்சம் இருக்கிற சிலரைத் தவறவிடக்கூடாது. பிறந்து 48 மணி நேரம் ஆகியும் முதல் மலம் போகாத குழந்தை, முதல் மாதத்திலேயே சிக்கல் தொடங்கிய குழந்தை, வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுக்கும் குழந்தை, எடை ஏறாத குழந்தை இவர்களை உடனே காட்ட வேண்டும். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு செல்களே இல்லாமல் பிறக்கிறவர்கள் உண்டு. 1886இல் அந்த நோயை விவரித்த டென்மார்க் மருத்துவர் ஹிர்ஷ்ப்ருங்கின் பெயரால்தான் இன்றும் அதைச் சொல்கிறார்கள். தொக்கம் எடுத்துக்கொண்டு நாளைக் கடத்தினால் அந்தக் குழந்தை செத்துக்கூடப் போகலாம். எங்கள் பையன் அந்த ரகமில்லை.

“எப்போ ஆரம்பிச்சுது?” என்ற கேள்விக்கு மருத்துவர் அறையில் பதில் வரவில்லை. திரும்பும் வழியில் இளநீர் குடிக்கும்போது பையனே சொன்னான். “மிஸ்கிட்ட ரெண்டு விரல் காட்டுனேன் தாத்தா. இப்பதானே உள்ள வந்தே, அடக்கிக்கோன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க.” பிறகு இன்னொரு நாள் அனுமதி கிடைத்துப் போயிருக்கிறான். குழாயில் தண்ணீர் வரவில்லை, கதவில் தாழ்ப்பாள் இல்லை. அன்றோடு பள்ளியில் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டான். ஆறு வயதில் எடுத்த முடிவு. அதை அவன் காப்பாற்றிய உறுதியில் பாதி எனக்கு இருந்திருந்தால் எப்போதோ சிகரெட்டை விட்டிருப்பேன்.

அந்த மிஸ் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அந்த வார்த்தை என்னுடையது. 31 வருடம் நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். சுண்டு விரலைக் காட்டினால் ஒன்றுக்கு, இரண்டு விரல் காட்டினால் ரெண்டுக்கு. கரும்பலகையில் பின்னக் கணக்கு பாதியில் நிற்கும்போது எழுந்த விரல்களை எத்தனை முறை “அடக்கிக்கோ” என்று உட்கார வைத்திருப்பேன்! ஒருவனை விட்டால் பத்துப் பேர் கிளம்புவார்கள் என்பது என் வாதம். அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவன் நல்ல பையன். கேட்காமல் ஓடினவன் அடங்காதவன். அடங்காதவனுக்கு அன்று பிரம்படி. இன்று யோசித்தால் வகுப்பில் ஆரோக்கியமாக இருந்தவன் அவன் ஒருவன்தான்.

தமிழில் இந்தச் சொல்லைப் பாருங்கள். அடக்கம் என்பது நமக்குப் பெருங்குணம். திருக்குறளில் அதற்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பெண் பார்க்கப் போனால் அடக்கமான பெண்ணா என்று கேட்கிறோம், ரேங்க் அட்டையில் அடக்கமானவன் என்று எழுதுகிறோம். செத்தவரைப் புதைப்பதற்கும் அடக்கம் என்றுதான் பெயர். மலத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கும் அதே வினைச்சொல்தான். வள்ளுவரை நான் குறை சொல்லவில்லை. அவர் சொன்னது பெரியவர்களின் நாக்குக்கு, ஆறு வயதுப் பிள்ளையின் ஆசனவாய்க்கு அல்ல. ஆனால் நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் அடக்கத்தை நடைமுறையில் யார் மேல் திணிக்கிறோம்? திருப்பிப் பேச முடியாதவர்கள் மேல். பிள்ளை சொன்னபடி கேட்டுவிட்டது. குடல் வரைக்கும் கேட்டுவிட்டது. இப்போது அதற்கு வாழைப்பழம் வாங்கிக்கொடுத்து, ஏன் போக மாட்டேங்கிறாய் என்று அழுகிறோம்.

வாழைப்பழம் என்றதும் சாப்பாட்டுக்கு வருகிறேன். சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவரிடம் என் தங்கை மகள் ஒப்பித்த பட்டியல் இது: எழுந்ததும் டப்பா பவுடர் இரண்டு கரண்டி போட்டு ஒரு டம்ளர் பால். ஏழே கால் மணி வேனுக்கு முன்னால் சர்க்கரை தொட்டு இரண்டு இட்லி. பள்ளியில் கிரீம் பிஸ்கட். மதியம் தயிர்சாதம், சிப்ஸ். சாயங்காலம் பால். இரவு நூடுல்ஸ் அல்லது தோசை. படுக்கும்போது மறுபடி பால். பிள்ளையின் வயதோடு ஐந்தைக் கூட்டினால் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். ஆறு வயதுக்கு 11. பாலில் நார் பூஜ்யம். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் 3 கிராமுக்கும் குறைவு. அதே அளவு கேழ்வரகில் 11, முழுப் பச்சைப்பயறில் 17 கிராம். இந்தக் கணக்கைப் போட வாத்தியார் வேண்டியதில்லை.

கேழ்வரகும் பயறும் கொய்யாவும் விலை அதிகமா? கொய்யா எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே காய்த்துக் கொட்டுகிறது, அணில் தின்கிறது. பையனுக்குக் கிடையாது, ஏனென்றால் கொய்யா சளி பிடிக்கும். பயறு வாயு. வேர்க்கடலை பித்தம். கீரையை ராத்திரி தின்னக்கூடாது, பகலில் பையன் பள்ளியில் இருக்கிறான். பலாச்சுளை மாந்தம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு வயிற்றில் கல்லாக நிற்கும். மாம்பழம் சூடு, வெள்ளரிக்காய் குளிர்ச்சி. என் தங்கை இந்தத் தடைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் விரலை மடக்கிக்கொண்டே போனேன். கடைசியில் எந்தத் தோஷமும் இல்லாமல் மிஞ்சியவை பால், பிஸ்கட், வெள்ளைச் சோறு. பாட்டியின் மூடநம்பிக்கையும் பிஸ்கட் கம்பெனியின் விளம்பரமும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த டப்பா பவுடர்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பின் கீழ் விற்கக்கூடாது என்று ஒன்றிய வணிக அமைச்சகமே 2024 ஏப்ரலில் இணைய வணிக நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது. நம் வீட்டு அலமாரியில் அது இன்னும் சத்துமாவுதான்.

பால் விஷயத்தில் ஒரு செய்தி. மருந்துக்கு மசியாத நாள்பட்ட மலச்சிக்கலோடு வந்த 65 சிறு குழந்தைகளை இத்தாலியில் ஆராய்ந்தார்கள், 1998இல் வெளியானது. பசும்பாலை நிறுத்திச் சோயாப் பால் கொடுத்தபோது 44 பேருக்குச் சரியானது. அதற்காக எல்லா வீட்டிலும் பாலைக் கொட்டச் சொல்லவில்லை. அந்த 65 பேரும் ஏற்கெனவே சிக்கலானவர்கள். ஆனால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டிப் பால் குடிக்கும் பிள்ளைக்கு வேறு எதற்கும் வயிற்றில் இடம் இருக்காது என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம். பாலைக் குறைக்கச் சொன்னதும் தங்கை என்னைப் பார்த்த பார்வை, கோயிலை இடிக்கச் சொன்னால் பார்ப்பாளே அந்தப் பார்வை.

இங்கே என் கூட்டாளிகளையும் ஒரு தட்டு தட்ட வேண்டியிருக்கிறது. சாமி கும்பிடாத, ஆனால் சிறுதானியத்தைக் கும்பிடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. “ஆங்கில மருந்து எதுக்கு? கம்பும் திரிபலாவும் கொடுங்க, ஒரே வாரத்துல சரியாயிடும்” என்று ஒருவர் போன் செய்தார். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைக் குடலியல் மருத்துவர்கள் இருக்கிற ஆராய்ச்சியையெல்லாம் அலசி 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல் என்ன சொல்கிறது? பிள்ளைக்கு வழக்கமான அளவு நார்ச்சத்தும் தண்ணீரும் வேண்டும். அதற்கு மேல் அள்ளிக் கொட்டினால் இந்த நோய் தீரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. முதலில் அடைப்பை எடுக்க வேண்டும். பாலிஎத்திலின் கிளைகால் பொடியோ, அது கிடைக்காவிட்டால் லாக்டுலோஸ் சிரப்போ, மருத்துவர் சொல்லும் அளவில். பிறகு குறைந்தது இரண்டு மாதம் தொடர்ந்து கொடுத்து, சிக்கல் அடியோடு நின்று ஒரு மாதமாவது ஆன பிறகு மெதுவாகக் குறைக்க வேண்டும். விரிந்துபோன குடல் பழைய அளவுக்குச் சுருங்க அவ்வளவு நாள் ஆகும். சாப்பாட்டைத் திருத்துவது அடுத்த சிக்கல் வராமல் இருப்பதற்கு.

எங்கள் வீட்டில் ஐந்தாம் நாளே பொடியை நிறுத்தினார்கள். “பழகிப்போயிடும் மாமா” என்றாள் தங்கை மகள். அந்தப் பொடி உடம்பில் சேராமல், தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அப்படியே வெளியேறுவது. அதற்குக் குடல் அடிமையாவதில்லை. மலத்தை அடக்குவதுதான் பழகிப்போயிருந்தது. சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. அதற்குள் மறுபடி உருண்டை.

பழைய காலத்து வழி சுலபம் என்பார்கள். எனக்கு நினைவிருக்கிறது: மூக்கைப் பிடித்து, தொடைக்கு நடுவே இறுக்கி, சங்கில் விளக்கெண்ணெய். பேதி ஆகும், எல்லாம் சுத்தம் என்று வீடே நிம்மதி அடையும். அழுகிற பிள்ளையின் வாயில் ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிக் காய்ச்சலாகி மருத்துவமனைக்கு வந்த கைக்குழந்தைகளை நம் ஊர் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம்கூடப் போகாமல் இருக்கும். பால் குடித்துக்கொண்டு, எடை ஏறிக்கொண்டு, போகும்போது இளகலாகப் போனால் அது இயல்பு. அதற்கும் சோப்புச் சீவலும் வெற்றிலைக் காம்பும் எடுத்துக்கொண்டு வருகிறோம். பேசத் தெரியாத உடம்புக்குள் எதை வேண்டுமானாலும் செருகலாம் என்ற உரிமையை நமக்கு யார் கொடுத்தது?

மருத்துவர் சொன்னதில் வீட்டில் பெரிய சண்டையைக் கிளப்பியது மருந்தும் இல்லை, பாலும் இல்லை. சாப்பிட்டதும் ஐந்து பத்து நிமிடம் பையனைக் கழிப்பறையில் உட்கார வைக்கச் சொன்னார். வயிறு நிறைந்தால் பெருங்குடல் அசையத் தொடங்கும். உடம்பின் இயல்பு அது. என் தங்கை வெடித்தாள். “தின்ன உடனே போனா தின்னது உடம்புல ஒட்டுமாண்ணே?” அவள் வீட்டுச் சட்டம் தனி. போவதென்றால் விடியற்காலையில், வெறும் வயிற்றில். காலைக்கடன் என்று பெயரே வைத்துவிட்டோம். கடன்காரன் விடிந்ததும் கட்ட வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் போகக்கூடாது. சாமி அறையில் பூஜை நடக்கும்போது போகக்கூடாது. போய்விட்டு வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் அந்தப் பக்கம் வரக்கூடாது. சைவ சித்தாந்தம் ஆணவம், கன்மம், மாயை என்று மூன்று மலங்களைச் சொல்லி அவை நீங்க வழியும் சொல்கிறது. இந்தப் பிள்ளையின் வயிற்றில் இருந்த நாலாவதை நீக்கத்தான் வீட்டில் நல்ல நேரமே இல்லை.

தீட்டு என்ற அந்த ஒரே எண்ணம்தான் பள்ளிக் கழிப்பறையையும் நாற வைத்திருக்கிறது. கழிப்பறை கழுவுவது ஒரு குறிப்பிட்ட சாதியின் வேலை என்று நினைக்கிற ஊரில், அந்த ஆள் வராத நாளில் எவனும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற மாட்டான். அல்லது பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கழுவச் சொல்வான். தமிழ்நாட்டில் இப்படி நடந்து, ஆசிரியர்கள் மேல் வழக்கு வரை போனதைச் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். திவ்யபாரதி 2017இல் ‘கக்கூஸ்’ என்று ஆவணப்படம் எடுத்தபோது அதைத் திரையிடவிடாமல் தடுத்தார்கள். மலத்தை அள்ள ஆள் இருக்கலாம், அதைப் படமாகப் பார்க்கக்கூடாது. சட்டத்துக்குக் குறைவில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்தில் கட்டி முடியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபரில் உத்தரவிட்டது. கட்டடங்கள் வந்தன. தாழ்ப்பாளும் தண்ணீரும் கழுவுகிற ஆளும் எந்தத் தீர்ப்பிலும் தானாக வந்துவிடுவதில்லை. புது வீட்டுக்குக் கழிப்பறை எந்த மூலையில் வரலாம் என்று வாஸ்துக்காரருக்கு ஐயாயிரம் அழுகிறவர், பிள்ளையைச் சேர்க்கப் போன பள்ளியில் ஸ்மார்ட் போர்டைப் பார்த்தார், நீச்சல் குளத்தைப் பார்த்தார். கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்தாரா? எங்கள் பையனின் அப்பா பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை.

அரசுப் பள்ளிகளில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறவன். பசித்த வயிற்றோடு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. பிள்ளை பொங்கலையோ உப்புமாவையோ பள்ளியில் சாப்பிடுகிறது. சாப்பிட்ட அரை மணிக்குள் குடல் கூப்பிடும். அந்த நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கும்? வழிபாட்டுக் கூட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு, அல்லது முதல் பீரியடில். உணவைப் பள்ளிக்குக் கொண்டுவந்தவர்கள் அதன் பின்னாலேயே வருவதையும் பள்ளிக்கு மாற்றியிருக்கிறோம் என்று யோசித்தார்களா? தண்ணீர் குடிக்கக் கேரளத்துப் பள்ளிகளில் 2019இல் மணி அடித்தார்கள். அந்த மணி நம் பக்கமும் வந்திருக்கிறது. காலை உணவுக்குப் பிறகு பத்து நிமிடம் கழிப்பறைக்கு ஒரு மணி அடித்தால் என்ன? இதை நான் ஓர் ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர் கேட்டார், “சார், அத்தனை பிள்ளைங்களும் ஒரே நேரத்துல போனா யார் கழுவுறது?”

எங்கள் பையன் விஷயம் மூன்று மாதம் இழுத்தது. வேனை நிறுத்திவிட்டுத் தாத்தா ஸ்கூட்டர் வந்தது. அதில் இருபது நிமிடம் மிச்சம். கழிப்பறைக் கோப்பை உயரமாக இருந்ததால் கால் தொங்கியது, கால் ஊன்றாமல் முக்க முடியாது. பழைய பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து வைத்தோம். கொய்யாவை உப்பு மிளகாய்த்தூள் தொட்டு அவனே பறித்துத் தின்னத் தொடங்கினான். சளி பிடிக்கவில்லை என்று தங்கை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, இனிமேல் பிடிக்கும் என்கிறாள். ஜட்டிக் கறை நின்றது. அடித்ததற்காக அம்மா பையனிடம் மன்னிப்புக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. நான் என் பழைய மாணவர்களிடம் கேட்கவில்லை.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. தங்கை வீட்டில் தளிகை. சம்பந்தி வீட்டார், பக்கத்துத் தெருக்காரர்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. எனக்குப் படையலில் வேலை இல்லை, சர்க்கரைப் பொங்கலில் உண்டு, அதனால் போயிருந்தேன். கற்பூரத் தட்டைக் கையில் எடுத்த நேரம், கொல்லைப்பக்கத்திலிருந்து பையனின் குரல் வீடே அதிரும்படி வந்தது.

“தாத்தா! வந்துருச்சு! வாழைப்பழம் மாதிரி! வலிக்கவே இல்ல!”

கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் கூரையைப் பார்த்தார்கள். சம்பந்தியம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். தங்கை மகள் பதறிக்கொண்டு ஓடி, “டேய், மெதுவாப் பேசுடா, சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்காங்க” என்று கதவை இழுத்துச் சாத்தினாள்.

நான் எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். கதவுக்கு உள்ளிருந்து, இப்போது கிசுகிசுப்பாக, “தாத்தா, வந்துருச்சு” என்றது குரல்.

கூடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். கதவில் வாயை வைத்து, “நல்லதுடா” என்று நானும் கிசுகிசுத்தேன்.